சொல்ல இயலாதவரின் வலி

மருத்துவக் கல்லூரியின் தொடக்க ஆண்டுகளை நூல்களோடும் ஆய்வுக்கூடத்தோடும் கழித்த மாணவர், அதன்பின் நோயாளியின் படுக்கையருகே வருகிறார். பொது மருத்துவம், அறுவை மருத்துவம், மகப்பேறு என ஒவ்வொரு பிரிவிலும் சில வாரங்கள் தங்கிப் பயில்வது முறை. அந்த வரிசையில் குழந்தைகள் பிரிவுக்கு அவர் வந்து சேரும் நாள் மற்ற நாள்களைப் போன்றதன்று. அதுவரை அவர் கற்ற மருத்துவமெல்லாம் ஒரு கேள்வியிலிருந்து தொடங்கியது. "உங்களுக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டால், எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, குத்துகிறதா, எரிகிறதா என்பதையெல்லாம் நோயாளி சொல்வார். இங்கோ, விடை சொல்ல வேண்டியது எட்டு மாதக் குழந்தை. அது மாணவரின் முகத்தைப் பார்க்கிறது. வெள்ளை அங்கியைப் பார்க்கிறது. தாயின் தோளில் முகம் புதைத்து அழத் தொடங்குகிறது.

அந்த அழுகையின் முன் மாணவர் திகைத்து நிற்கும் சில நொடிகளில் மிகப் பழைய மெய்யியல் வினா ஒன்று அடங்கியிருக்கிறது. பிறர் வலியை மனிதன் எவ்வாறு அறிகிறான்? தன் வலியை ஒருவன் நேரே உணர்கிறான். பிறர் வலியையோ அவன் அறியத்தான் முடியும். அவ்வறிவுக்குச் சொல் ஒன்றே வழி என்றால், சொல் இல்லாதவருடைய வலி என்னாவது? அறிய முடியாத வலியை இல்லையென்று தள்ளிவிடுவதா, இருக்கக்கூடும் என்று கொண்டு நடப்பதா? இஃது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. இதற்குத் தவறான விடை கூறப்பட்டபோது, அதற்குரிய விலையைப் பச்சிளங்குழந்தைகள் செலுத்தினர். அக்காலம் மிகத் தொலைவானதும் அன்று.

உண்மையை அறிவதற்குரிய கருவிகளை நம் மெய்யியல் மரபு அளவைகள் என்று அழைத்தது. மணிமேகலையில் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை அவற்றை விரித்துப் பேசுகிறது. அளவைகள் எத்தனை என்பதில் சமயத்தார் தம்முள் மாறுபட்டனர். எனினும் சைவ சித்தாந்தம் முதன்மையாகக் கொண்டவை மூன்று: காண்டல், கருதல், உரை. பொறிகளால் நேரே அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை. குழந்தைகள் பிரிவில் மாணவர் கற்பவற்றைப் பெரும்பாலும் இம்மூன்றினுள் அடக்கிவிடலாம். இன்னும் சரியாகச் சொன்னால், இம்மூன்றும் எங்கே துணைநிற்கும், எங்கே கைவிடும் என்பதுதான் அவர் அங்குப் பெறும் பாடம்.

காண்டல்

முதலில் அவர் கற்பது, தொடுவதற்கு முன் பார்ப்பது. வளர்ந்தவரைச் சோதிப்பதற்குத் தலை முதல் கால் வரை ஒரு வரிசை உண்டு. குழந்தையிடம் அவ்வரிசை செல்லாது. குழந்தை அமைதியாக இருக்கும்போதே நெஞ்சொலியைக் கேட்டுவிட வேண்டும். அழத் தொடங்கிவிட்டால் இதயத்தின் மெல்லிய முணுமுணுப்பு காதில் விழாது. தொண்டையையும் காதையும் இறுதியில்தான் பார்க்க வேண்டும். குழந்தை மிகவும் வெறுப்பவை அவைதாம். சோதனை மேசையைக் காட்டிலும் தாயின் மடியே ஏற்ற இடம். ஸ்டெதஸ்கோப்பின் குளிர்ந்த வட்டை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிய பின்னரே நெஞ்சில் வைக்க வேண்டும். நெடிதாக நிற்பவர் முழந்தாளிட்டுக் குழந்தையின் கண்மட்டத்துக்குத் தாழ வேண்டும்.

இவையெல்லாம் வெறும் நயத்தக்க நாகரிகம் என்று தோன்றலாம். ஆனால், இவற்றைச் செய்யாதவருக்கு உண்மை கிடைப்பதில்லை. அஞ்சி அழும் குழந்தையின் நாடித்துடிப்பும் மூச்சும் நோயின் அளவைக் காட்டுவதில்லை. அச்சத்தின் அளவையே காட்டுகின்றன. ஆகவே, பணிவு இங்கு ஓர் அறப்பண்பாக மட்டும் நிற்கவில்லை. அறியும் முறையாகவும் ஆகிவிடுகிறது.

நுரையீரல் அழற்சியை ஐயுறும் இடத்தில் மாணவர் செய்ய வேண்டிய முதற்பணி மிக எளியது. குழந்தையின் மார்பும் வயிறும் உயர்ந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது விரைவு மூச்சு. இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை அந்த எல்லை 50. ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை 40. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த இவ்வெல்லைகளைக் கொண்டு, எந்தக் கருவியும் இல்லாத சிற்றூர்ச் சுகாதாரப் பணியாளரும் ஆபத்தை இனங்காண முடிகிறது. இதற்கு வேண்டியவை ஒரு கடிகாரமும் பொறுமையும்தாம். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கலாமே என்று புதிய மாணவர் நினைப்பதுண்டு. பச்சிளங்குழந்தையின் மூச்சு சீரானதன்று. சில நொடிகள் விரையும், சில நொடிகள் தயங்கும். குறுக்குவழியில் பெற்ற எண் பொய்யாகிவிடும். ஒரு நிமிடம் என்பது சிறிய பொழுதே. எனினும் அந்த ஒரு நிமிடம் முழுவதும் வேறெதையும் செய்யாமல், வேறெதையும் எண்ணாமல், ஒரு குழந்தையின் மூச்சை மட்டும் பார்த்திருப்பது பழகாதவர்க்கு அரிதாகவே இருக்கிறது.

குழந்தையைக் கூர்ந்து காண்பது தமிழருக்குப் புதியதன்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தனர். தலையெடுத்து முகம் அசைக்கும் பருவத்தைச் செங்கீரை என்றும், கைகொட்டும் பருவத்தைச் சப்பாணி என்றும், தளர்நடையிட்டு வரும் பருவத்தை வாரானை என்றும் மாத வரிசையில் அமைத்தனர். இன்றைய மருத்துவ மாணவர் மனனம் செய்யும் வளர்ச்சிப் படிகளும் இவற்றுக்கு அணுக்கமானவையே. ஏறத்தாழ இரண்டாம் மாதத்துக்குள் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். ஒன்பதாம் மாத அளவில் பற்றுக்கோடின்றி உட்கார வேண்டும். ஓராண்டு கடந்த சில மாதங்களுக்குள் நடக்க வேண்டும். புலவர் அப்பருவங்களைக் கண்டு மகிழ்ந்தார். மருத்துவர், அவற்றுள் ஒன்று வராமல் தாழ்க்கும்போது அதைக் கண்டு கவலையுறுகிறார். நோக்கம் வேறாயினும் இருவருக்கும் வேண்டியது கூர்ந்த பார்வையே.

குழந்தை, சிறிய உருவில் அமைந்த பெரியவர் அன்று என்பது இப்பிரிவில் திரும்பத் திரும்பக் கூறப்படும் வாசகம். மருந்தை எடைபார்த்தே தர வேண்டும். காய்ச்சலுக்குரிய பாரசிட்டமால் மருந்தைக் கிலோகிராமுக்கு 15 மில்லிகிராம் என்று கொண்டால், 8 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒருவேளைக்கு 120 மில்லிகிராம் ஆகும். தசமப் புள்ளி ஓரிடம் தவறினால் அளவு பத்து மடங்காகிவிடும். தவறாகக் கணக்கிட்ட மருந்தைக் கண்டு, "இது வழக்கத்தைவிட அதிகமாக இருக்கிறதே" என்று கேட்கக் குழந்தையால் இயலாது. தவறைத் தடுக்கும் இரண்டாவது கண் நோயாளியிடம் இல்லை. ஆகவே மருத்துவரும் தாதியும் ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்க்கின்றனர். வாயில்லாதவர்க்காகத் தன் அறிவையே ஐயுறக் கற்பது இங்கே கடமையாகிறது.

உரை

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்தார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, மருந்தை உடனிருந்து அளிப்பவர் என்பவை அவை. நான்காவதாக வரும் துணைவரை வளர்ந்தோர் பிரிவில் மாணவர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. குழந்தைகள் பிரிவில் அந்நான்காமவர் முதலிடத்துக்கு வந்துவிடுகிறார். அவர் பெரும்பாலும் தாய். சில வேளைகளில் பாட்டி. "நேற்றிலிருந்து பால் குடிக்கிற விதமே சரியில்லை" என்று தாய் சொல்வது எந்தப் பாடநூலிலும் நோய்க்குறியாக அச்சிடப்பட்டிருக்காது. ஆயினும், அந்தக் குழந்தையை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வேளையும் கண்டவர் அவர். அவருடைய சொல்லே அங்கு உரை அளவை.

இவ்வுண்மையை மலாயாவோடும் சிங்கப்பூரோடும் தொடர்புடைய ஒரு மருத்துவரின் வாழ்க்கை நன்கு விளக்கும். ஜமைக்காவில் 1893ஆம் ஆண்டு பிறந்த சிசிலி வில்லியம்ஸ், இன்று கானா எனப்படும் அன்றைய தங்கக் கரையில் 1929 முதல் பணியாற்றினார். ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள் சிலர் கால் வீங்கி, தோல் உரிந்து, முடி வெளுத்து மடிவதை அவர் கண்டார். வேறொரு நோயின் பெயரைச் சூட்டி அதனைக் கடந்துவிட முற்பட்டோரும் மருத்துவருள் இருந்தனர். சிசிலியோ அவ்வூர்ப் பெண்களிடம் கேட்டார். அந்நோய்க்கு அவர்கள் மொழியில் குவாஷியோர்கர் என்ற பெயர் முன்பே இருந்தது. அடுத்த குழந்தை பிறந்ததும் முந்திய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். அந்தப் பெயருக்குள்ளேயே காரணமும் அடங்கியிருந்தது. புதிய குழந்தைக்காகத் தாய்ப்பால் நிறுத்தப்பட்டு, புரதம் குறைந்த சோளக் கூழில் வளர்ந்த குழந்தைகளே நோயுற்றனர். 1935இல் அவர் அப்பெயரையே மருத்துவ உலகுக்கு அறிவித்தார். ஓர் இனத்துத் தாய்மார் வழிவழியாகக் கண்டு சொன்ன சொல், மருத்துவ நூல்களில் இன்றும் நிலைத்திருக்கிறது.

1936இல் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்தார். கைக்குழந்தைகளுக்கு ஏற்ற உணவென்று கெட்டிப்பால் விளம்பரம் செய்யப்பட்டதையும், அதை நம்பித் தாய்ப்பாலைக் கைவிட்ட குடும்பங்களில் குழந்தைகள் மடிந்ததையும் கண்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், 'பாலும் கொலையும்' என்று பொருள்படும் தலைப்பில் அவர் உரையாற்றினார். அத்தகைய விளம்பரங்களால் நேரும் இறப்பைக் கொலையென்றே கொள்ள வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். போர்க்காலத்தில் அவர் சாங்கியில் சிறைவைக்கப்பட்டார். உயிர்தப்பி வந்து பின்னர் உலகச் சுகாதார நிறுவனத்தில் தாய்சேய் நலப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்களின் விளம்பரத்துக்கு வரம்பிடும் அனைத்துலக நெறிமுறை 1981இல்தான் வந்தது. பேச இயலாதவர்க்காகப் பேசுபவரின் சொல் செவியேற நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

ஆனால், உரை எப்போதும் உண்மையைத் தாங்கி வருவதில்லை என்பதையும் மாணவர் கற்றாக வேண்டும். இது கசப்பான பாடம். 1946இல் ஜான் காஃபி என்னும் கதிர்ப்பட வல்லுநர், தலைக்குள் குருதி உறைந்திருந்த குழந்தைகள் சிலரின் கை கால் எலும்புகளிலும் முறிவுகள் இருந்தமையைச் சுட்டிக்காட்டினார். எவ்வாறு முறிந்தன என்பதற்குப் பெற்றோர் தக்க விளக்கம் தரவில்லை. 1962இல் ஹென்றி கெம்பேயும் அவருடைய துணைவர்களும் அதனை வெளிப்படையாகப் பெயரிட்டு எழுதினர். அக்குழந்தைகள் வீட்டாரால் அடிக்கப்பட்டவர்கள். மருத்துவர்கள் அதற்கு முன்னும் அவ்வெலும்புகளைக் கண்டிருந்தனர். பெற்றோர் இவ்வாறு செய்வார்கள் என்று நம்ப மனம் ஒப்பாமையால் காணாதவராயினர். "கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான்" என்று வீட்டார் சொல்கின்றனர். எலும்பு வேறொன்று சொல்கிறது. அந்நேரத்தில் மாணவர் எந்தச் சாட்சியை ஏற்பது? மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம், இத்தகைய ஐயம் எழுந்தால் அதை அதிகாரிகளுக்கு அறிவிப்பதை மருத்துவரின் கடமையாக்கியிருக்கிறது. நூற்றில் பெரும்பாலான தாய்மாரை நம்பவும், நம்பக்கூடாத இடத்தில் குழந்தையின் உடல் சொல்வதைக் கேட்கவும் ஒருங்கே பழக வேண்டியிருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே உள்ளத்தில் சுமப்பது எளிதன்று.

கருதல்

காண்டலும் உரையும் நின்றுவிடும் இடத்தில் கருதல் தொடங்குகிறது. புகையைக் கண்டு நெருப்பை உணர்வது கருதலுக்கு நம் மரபு தரும் எடுத்துக்காட்டு. அதே மரபு ஓர் எச்சரிக்கையையும் உடன் தந்திருக்கிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது சரி. புகை இல்லாத இடத்தில் நெருப்பு இல்லை என்பது பிழை. பழுக்கக் காய்ந்த இரும்பில் புகை எழுவதில்லை, நெருப்பு இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் மருத்துவம் இந்த எளிய பிழையையே பச்சிளங்குழந்தைகளிடம் செய்தது. பிறந்த சில நாள்களே ஆன குழந்தைக்கு, குறிப்பாகக் குறைமாதக் குழந்தைக்கு, வலியை உணரும் ஆற்றல் முதிரவில்லை என்று பலர் கருதினர். நரம்பிழைகளின் மேலுறை முழுமை பெறவில்லை என்றனர். ஊசியால் குத்தியபோது முதல் நாள்களில் குழந்தைகள் பெரிதாக எதிர்வினை காட்டவில்லை என்று 1940களின் தொடக்கத்தில் வெளிவந்த ஆய்வைச் சுட்டினர். எவ்வாறாயினும் குழந்தைக்கு அது நினைவில் நிற்காது என்றனர். இதன் விளைவாக, 1980கள் வரையிலும் பல மருத்துவமனைகளில், நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவையைக்கூடப் போதிய வலிநீக்கி இன்றியே குறைமாதக் குழந்தைகளுக்குச் செய்து வந்தனர். தசைகளைச் செயலற்றதாக்கும் மருந்தும் சிரிப்பூட்டும் வாயுவும் கொடுக்கப்பட்டன. தசை செயலற்ற குழந்தை அசையாது, அழாது. அது துன்புறுவதைக் காட்டும் கடைசிக் குறியையும் அம்மருந்து மறைத்துவிட்டது. புகையை அடைத்துவிட்டு, நெருப்பு இல்லையென்று முடிவு கட்டியதற்கு இது நிகராகும்.

அம்மருத்துவர்களைக் கொடியவர்கள் என்று தீர்ப்பளிப்பது நேர்மையாகாது. வலுவான வலிநீக்கி சிறு குழந்தையின் மூச்சையே நிறுத்திவிடக்கூடும் என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்தது. அன்றைய நிலையில் அவ்வச்சம் காரணமற்றதும் அன்று. குழந்தை உயிர்பிழைக்க வேண்டும் என்றே அவர்கள் பாடுபட்டனர். இந்த நிகழ்ச்சி நெஞ்சை உறுத்துவதற்குக் காரணமும் அதுவே. நல்ல நோக்கமும் மிகுந்த கல்வியும் உடையவர்கள், தாம் கேட்க விரும்பாத ஒன்றைக் கேளாதிருக்கத் தக்க காரணங்களைத் தேடிக்கொண்டனர்.

இந்நிலையை மாற்றியவருள் முதன்மையானவர், அந்நாளில் இளநிலையில் பயின்றுகொண்டிருந்த ஒரு மருத்துவர். இந்தியாவில் இந்தூரில் மருத்துவம் கற்று, ஆய்வுக்காக ஆக்ஸ்ஃபோர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த், அறுவைக்குப் பின் பிரிவுக்குத் திரும்பும் பச்சிளங்குழந்தைகள் மிக மோசமான நிலையில் வருவதைக் கண்டார். அறுவைக்கூடத்தில் நிகழ்வது என்ன என்று கேட்டார். அவரும் அவருடைய ஆசிரியர்களும் செய்த ஆய்வு 1987இல் லான்செட் இதழில் வந்தது. குறைமாதக் குழந்தைகளுள் ஒரு பிரிவினருக்கு வழக்கமான முறையும், மற்றொரு பிரிவினருக்கு அதனோடு ஃபென்டனில் என்னும் வலிநீக்கியும் கொடுக்கப்பட்டன. வலிநீக்கி பெறாத குழந்தைகளின் குருதியில் உடலின் பேரிடரைக் காட்டும் சுரப்புகள் மிகுந்திருந்தன; அறுவைக்குப் பிந்திய சிக்கல்களும் அவர்களுக்கே மிகுதியாக நேர்ந்தன. கண்ணுக்குத் தெரியாத புகை குருதியில் இருந்தது. தேடியவருக்கே அது கிடைத்தது. அதே ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் பச்சிளங்குழந்தைகளுக்கு உரிய வலிநீக்கம் வேண்டும் என்று அறிவித்தது.

வலிக்கு 1979இல் அனைத்துலக வலி ஆய்வுக் கழகம் வகுத்த வரையறை, துன்புறுபவர் அதனை விவரிக்கும் சொல்லோடு பிணைந்திருந்தது. 2020இல் அக்கழகம் வரையறையைத் திருத்தியது. சொல்லால் விவரிப்பது வலியை வெளிப்படுத்தும் வழிகளுள் ஒன்று மட்டுமே என்றும், சொல்ல இயலாமை வலியின்மைக்குச் சான்றாகாது என்றும் விளக்கம் சேர்த்தது. ஒரு வரையறையின் சில சொற்கள் மாற நாற்பத்தோராண்டு ஆயிற்று.

இத்துடன் வினா தீர்ந்துவிட்டது என்று மாணவர் எண்ணிவிடலாகாது. குதிகாலில் ஊசி குத்திக் குருதி எடுக்கும்போது, சில துளி சர்க்கரைக் கரைசலை நாவில் விட்டால் குழந்தை குறைவாக அழும். முகம் சுளிப்பதும் குறையும். இது பலமுறை காணப்பட்ட உண்மை. பல மருத்துவமனைகள் கைக்கொண்ட வழக்கம். ஆனால் 2010இல் லான்செட்டில் வந்த மற்றோர் ஆய்வு, சர்க்கரை பெற்ற குழந்தையின் மூளையில் வலிக்குரிய மின்செயல் குறையவில்லை என்று காட்டியது. குறைந்தது வலியா, வலியின் அடையாளமா? அழுகை நின்றது குழந்தையின் துன்பம் நீங்கியதாலா, அருகில் நிற்பவரின் சங்கடம் நீங்குவதற்காகவா? இதைப் பற்றிய கருத்து வேறுபாடு அறிஞர்களிடையே நீடிக்கிறது. அழுகையை நிறுத்துவதும் வலியை நீக்குவதும் ஒன்றல்ல என்னும் தெளிவு மட்டும் மாணவருக்கு இன்றியமையாதது.

'வலிக்காது' என்னும் சொல்

மூன்று நான்கு வயதுக் குழந்தையிடம் வேறொரு சோதனை காத்திருக்கிறது. இக்குழந்தைக்குச் சொல் வந்துவிட்டது. ஊசியைக் கண்டதும், "வலிக்குமா?" என்று கேட்கிறது. "வலிக்கவே வலிக்காது" என்பது மாணவர் வாயில் தானே எழும் விடை. அன்பினால் எழும் பொய் அது. நன்மை பயக்கும் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறலாம் என்று வள்ளுவர் இடம் தந்திருப்பதை இதற்கு ஆதரவாகக் காட்டுவோரும் உண்டு. ஆனால், அவர் அதற்கு இட்ட நிபந்தனை குற்றமற்ற நன்மை. அந்நன்மை இங்கே கிட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஊசி ஏறிய அடுத்த நொடியில் பொய் வெளிப்பட்டுவிடுகிறது. மறுநாள் அதே மாணவர் வேறொன்றைச் சொன்னாலும் குழந்தை நம்புவதில்லை. வலி ஒரு நிமிடத்தில் ஆறிவிடுகிறது. நம்பிக்கையின் காயம் அவ்வளவு விரைவில் ஆறுவதில்லை. மேலும், தான் உணர்ந்த வலியை இல்லையென்று பெரியவர் சொல்லக் கேட்கும் குழந்தை, தன் உணர்வையே ஐயுறக் கற்றுக்கொள்கிறது.

ஆகவே, "கொஞ்சம் வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும், அம்மா கையைப் பிடித்துக்கொள்" என்று சொல்லப் பழக்குகின்றனர் நல்ல ஆசிரியர்கள். அதோடு, "எந்தக் கையில் போடலாம்?" என்றும் கேட்கச் சொல்கின்றனர். ஊசியை வேண்டாமென்று தள்ளும் உரிமை குழந்தைக்கு இல்லாதிருக்கலாம். எந்தக் கை என்று தேர்ந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. 1989இல் ஐக்கிய நாட்டு மன்றம் ஏற்ற சிறுவர் உரிமை உடன்படிக்கை, தன்னைப் பற்றிய செயல்களில் கருத்துக் கூறும் உரிமையைக் குழந்தைக்கு அளித்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் அதில் இணைந்தன. பெரிய மன்றங்களில் எழுதப்பட்ட அவ்வுரிமை ஒரு படுக்கையருகே உயிர்பெறுவது இவ்வாறான சிறு கேள்விகளில்தான்.

உணர்வும் உறுதியும்

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். குழந்தையின் ஒவ்வோர் அழுகைக்கும் உருகிக்கொண்டிருந்தால் மருத்துவரின் கை நடுங்காதா? நடுங்கும் கை யாருக்குப் பயன்படும்? மூளைச்சவ்வு அழற்சி என்று ஐயுற்றால் முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுத்தே ஆக வேண்டும். குழந்தை கதறினாலும் நிறுத்துவதற்கில்லை. எனவே மனத்தைச் சற்று மரக்கச் செய்துகொள்வதே தொழிலுக்கு நல்லது என்பர் சிலர்.

இத்தடையில் ஒரு பாதி உண்மை. உணர்ச்சியில் மூழ்கியவர் உதவ முடியாது. ஆனால், கை உறுதியாக இருப்பதற்கு மனம் மரத்திருக்க வேண்டும் என்பது பொருந்தாது. வலிக்கும் என்று ஏற்றுக்கொள்பவரே தோலை மரக்கச் செய்யும் களிம்பை முன்னதாகத் தடவுவார்; தாயை அருகில் இருத்துவார்; ஒரு முறையில் முடிக்குமாறு எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துகொள்வார். வலிக்காது என்று நம்பியவருக்கு இவற்றுள் எதுவும் தோன்றாது. குறைமாதக் குழந்தைகளின் வரலாறு காட்டியதும் இதுவே. அங்கு மரத்துப்போன மனம் கையைத் திறமையாக்கவில்லை, அறிவைக் குருடாக்கியது.

மாணவருக்கு மட்டும் உரிய மற்றொரு கடனும் இதில் இருக்கிறது. எந்த மருத்துவரும் முதல் முறையிலேயே சிறு குழந்தையின் நரம்பைக் கண்டு ஊசி செலுத்திவிடுவதில்லை. அவர் கற்பதற்காக ஏதோ ஒரு குழந்தை கூடுதலாக ஒருமுறை குத்துப்படுகிறது. நாளை பல குழந்தைகள் பெறப்போகும் நன்மைக்கு இன்று இக்குழந்தை, தான் அறியாமலேயே விலை கொடுக்கிறது. கற்காமல் இருக்க முடியாது. கற்பதற்கு வேறு வழியும் முழுமையாக இல்லை. இருமுறை தவறினால் ஊசியைக் கைதேர்ந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று நல்ல ஆசிரியர்கள் வரம்பிடுவது இதனால்தான். மாணவர் இக்கடனைத் தந்தவரிடமே திருப்பிச் செலுத்த முடியாது. அக்குழந்தைக்கு அவர் பெயரும் தெரியாது. அடுத்து வரும் குழந்தைக்கு அவர் காட்டும் கவனத்தில்தான் அது அடைபடும்.

குழந்தைகள் பிரிவில் சில வாரங்கள் கழித்த மாணவருள் மிகச் சிலரே குழந்தை மருத்துவர் ஆகின்றனர். எனினும் அங்குக் கற்றது எங்கும் உடன்வரும். நினைவிழந்த முதியவர், நோயால் பேச்சிழந்தவர், இந்நாட்டு மொழிகள் எதுவும் அறியாத வெளிநாட்டுத் தொழிலாளி ஆகியோர் முன்னும் அதே வினா எழுகிறது. மருத்துவத்துக்கு வெளியிலும் அது எழுகிறது. வகுப்பறையில் கேட்டால் பதில் சொல்லாமல் தலைகுனிந்து நிற்கும் பிள்ளைக்குப் பதில் தெரியாது என்று முடிவு செய்வது எளிது. பசியா, அச்சமா, வீட்டில் நேர்ந்த ஏதேனும் துயரமா என்று அறிய வேண்டுமானால் ஆசிரியரும் சற்றுத் தாழ்ந்து, பொறுத்து, அப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

ஒருவர் சொல்லாததால் அவருக்கு வலி இல்லை என்று கொள்வதற்கு அறிவும் இடம் தரவில்லை. அறமும் இடம் தரவில்லை. ஐயமுள்ள இடத்தில் வலி உண்டு என்று கொண்டு நடந்து, பின்னர் அது தவறென்று தெரியவந்தால், வீணானது சிறிது அக்கறை மட்டுமே. இல்லையென்று கொண்டு நடந்து அது தவறானால், துன்புற்றவருக்கு அதை எடுத்துச் சொல்லவும் வழியில்லை. இவ்விரண்டு தவறுகளுள் எதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று தேர்வதற்குப் பெருங்கல்வி வேண்டியதில்லை. எட்டு மாதக் குழந்தையின் அருகே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் அமர்ந்திருக்கும் மனம் இருந்தால் போதும்.